முதலுதவி மட்டும்

எங்க பக்கம் கபடிப் போட்டி நோட்டீஸ் பார்த்திருக்கீங்களா? ராஜபாளையத்திலிருந்து தென்காசி ரோட்டில் சேத்தூர், தேவதானம், சிவகிரி என்று போய்க்கொண்டே இருந்தால், பொங்கலுக்கு ஒரு மாசம் முன்னாடியே டீக்கடைச் சுவர், பஸ் ஸ்டாப், கரண்ட் கம்பம் என்று எல்லா இடத்திலும் ஒட்டியிருக்கும். மாபெரும் மின்னொளி கபடிப் போட்டி. முதல் பரிசு உபயம் இன்னார், இரண்டாம் பரிசு உபயம் இன்னார், சிறந்த ரைடருக்கு மிக்ஸி, சிறந்த கேட்சருக்கு ஃபேன். பந்தல் உபயம், மைக்செட் உபயம், பால் உபயம் வரைக்கும் ஆள் பெயர் இருக்கும். அதெல்லாம் முடிந்து கடைசியில், கண்ணாடி போட்டால்தான் தெரிகிற எழுத்தில் விதிமுறைகள். நடுவர் தீர்ப்பே இறுதியானது. நுழைவுக் கட்டணம் திருப்பித் தரப்பட மாட்டாது. அதுக்கும் கீழே: காயம் ஏற்பட்டால் முதலுதவி மட்டுமே அளிக்கப்படும்.

இந்த வரி பல வருஷமா என்னை உறுத்திக்கிட்டே இருக்கு. சினிமாவுக்கு, நாவலுக்கு விமர்சனம் எழுதுறோம். இந்த ஒரு வரிக்கு எழுதினால் என்ன என்று தோன்றியது.

முதலில் அந்த ‘மட்டும்’. கமிட்டிக்காரர்கள் அதை ஒரு தற்காப்பாகத்தான் போடுகிறார்கள். ஆஸ்பத்திரிச் செலவு கேட்டு எங்களிடம் வராதே என்பதுதான் அர்த்தம். அது நியாயம்தான், ஊர் வசூலில் நடத்துகிற போட்டியில் ஆபரேஷன் செலவை யாரும் ஏற்க முடியாது. சாலை விபத்து என்றால் முதல் 48 மணி நேர சிகிச்சைக்கு 2021லிருந்து அரசாங்கத் திட்டம் இருக்கிறது. களத்தில் விழுந்தவனுக்கு அதில் இடமில்லை. ஆனால் அந்த வாக்கியம் தனக்குத் தெரியாமலே இன்னொரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறது. முதலுதவி என்பது ஏதோ சின்ன விஷயம், சிகிச்சையின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிற மிச்சம் என்று. அப்படி நினைக்கிறதால்தான் அந்த ‘மட்டும்’கூட களத்தில் கிடைப்பதில்லை. போய்ப் பாருங்கள்: ஒரு வலி ஸ்பிரே, ஒரு பாக்கெட் குளுக்கோஸ், ஒரு ஈரத் துண்டு, ரெண்டு பன்னீர் சோடா. அவ்வளவுதான்.

என் முழங்கால் கதையைச் சொல்லிடறேன், இல்லைன்னா இவனுக்கு ஏன் இவ்வளவு கோபம்னு புரியாது. 2007 பொங்கல். மறுவருஷம்தான் தமிழ்நாட்டில் 108 வந்தது. எனக்குப் பத்தொன்பது வயசு. ரைடு போயிட்டுத் திரும்பும்போது, வலது காலை ஊன்றி உடம்பை மட்டும் வெட்டினேன். யாரும் தொடக்கூட இல்லை. உள்ளே ‘டப்’னு ஒரு சத்தம், அவ்வளவுதான், விழுந்துட்டேன். ரெண்டு பேர் கைத்தாங்கலாய்த் தூக்கினார்கள். ஸ்பிரே அடித்தார்கள். ஐந்து நிமிஷத்தில் வலி மரத்ததும், “சுளுக்குதான் மாப்ள, ஒரு ரைடு போயிட்டு வா” என்றார்கள். போனேன். அந்த ரைடில் பாயிண்டும் எடுத்தேன். ராத்திரி வீட்டுக்குப் போகும்போது முட்டி பரங்கிக்காய் மாதிரி வீங்கியிருந்தது.

மறுநாள் சுளுக்கு எடுக்கிற ஒருத்தர் நல்லெண்ணெய் போட்டு உருவினார். மூணாம் நாள் ஒரு கட்டுப் போடுகிற இடத்தில் முட்டை வெள்ளைக்கரு, உளுந்து மாவு, மூங்கில் தப்பை வைத்து இறுக்கிக் கட்டினார்கள். 41 நாள். கட்டைப் பிரித்தபோது வீக்கம் இல்லை, வலி இல்லை. தொடை மட்டும் மற்றதைவிடப் பாதியாய் இருந்தது. அதுக்கப்புறம் படி இறங்கும்போது திடீர்னு முட்டி நழுவும். நாலு வருஷம் அப்படியே ஓட்டி, கடைசியில் ஸ்கேன் எடுத்தபோதுதான் தெரிந்தது: முன் குறுக்குத் தசைநார் முழுக்க அறுந்திருக்கிறது. அது நழுவி நழுவி, நடுவிலிருக்கிற குருத்தெலும்பு வட்டையும் கிழித்துவிட்டது. முதல் கிழிசல் விதி. ரெண்டாவது கிழிசல் அந்த ‘ஒரு ரைடு போயிட்டு வா’வும் அதற்கப்புறம் வந்த நாலு வருஷமும்.

இதில் நான் யாரைக் குற்றம் சொல்ல? ரொம்ப நாள் யோசித்ததில் ஒரு விஷயம் பிடிபட்டது. அங்கே இருந்த எல்லாருக்கும் என்மேல் பாசம் இருந்தது. வார்த்தைதான் இல்லை.

‘சுளுக்கு’ங்கிற சொல்லை எடுத்துக்குங்க. தசை இழை லேசாய்க் கிழிந்தாலும் சுளுக்கு. மூட்டைக் கட்டிவைத்திருக்கிற நார் நீண்டாலும் சுளுக்கு, அறுந்தாலும் சுளுக்கு. மூட்டு பாதி விலகித் திரும்ப உட்கார்ந்தாலும் சுளுக்கு. எலும்பில் மயிரிழை விரிசல் விட்டாலும், எக்ஸ்ரே எடுக்கிற வரைக்கும் அது சுளுக்குதான். ‘நரம்பு’ இன்னும் மோசம். மூளையிலிருந்து சேதி கொண்டுபோகிறதும் நரம்பு, புறங்கையில் பச்சையாய்த் தெரிகிற ரத்தக்குழாயும் நரம்பு, குதிகாலுக்கு மேலே கம்பி மாதிரி நிற்கிறதும் நரம்பு. “நரம்பு சுருட்டிக்கிச்சு” என்று சொன்னால் இந்த மூணில் எது? இப்போ புதுசா வந்திருக்கிறது ‘ஜவ்வு’. “முட்டி ஜவ்வு கிழிஞ்சிருச்சு” என்று டாக்டர்களே தமிழில் பேசும்போது சொல்லிவிடுகிறார்கள். ஆனால் ஜவ்வு என்று அவர்கள் சொல்வது சில சமயம் எலும்பையும் எலும்பையும் கட்டுகிற நார், சில சமயம் நடுவில் மெத்தை மாதிரி கிடக்கிற குருத்தெலும்பு. இரண்டுக்கும் வேலை வேறு, வைத்தியம் வேறு.

எழுத்துத் தமிழில் நல்ல சொற்கள் இல்லாமல் இல்லை. தசைநாண் என்பது தசையை எலும்போடு கட்டுவது, தசைநார் என்பது எலும்பை எலும்போடு கட்டுவது என்று பிரித்து எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அதே இரண்டையும் மாற்றிப் போடுகிற புத்தகங்களும் இருக்கின்றன. பள்ளிக்கூடத்தில் மனிதனுக்கு 206 எலும்பு என்று மனப்பாடம் பண்ணிப் பரீட்சை எழுதினேன். அந்த 206ஐயும் பிடித்துவைத்திருப்பது எது என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. முழங்காலுக்குள் குறுக்காக ஓடுகிற அந்த நார் சுண்டுவிரல் கனம், ஒண்ணேகால் அங்குல நீளம். அதுக்கு ரத்த ஓட்டம் குறைவு. அதனால் முழுசா அறுந்தால் எலும்பு மாதிரி தானாய் ஒட்டிக்கொள்ளும் என்று நம்ப முடியாது. ‘டப்’ சத்தமும், சில மணி நேரத்துக்குள் வருகிற வீக்கமும் சேர்ந்தால் மூட்டுக்குள் ரத்தம் கசிகிறது என்று சந்தேகப்பட வேண்டும். அன்றைக்கு அந்தக் களத்தில் ஒருத்தருக்கு இந்த ஒரு வாக்கியம் தெரிந்திருந்தால் போதும்.

சினிமாவுக்கு வருவோம். 2009 ஜனவரியில் சுசீந்திரனின் ‘வெண்ணிலா கபடிக்குழு’ வந்தது. முட்டி நழுவிக்கொண்டிருந்த காலத்தில்தான் பார்த்தேன். பழனி பக்கத்துக் கணக்கன்பட்டியை வைத்து எடுத்த படம். எல்லாரும் சூரியின் பரோட்டாவையே சொல்கிறார்கள். எனக்குப் பிடித்தது வேறு: தோற்றுக்கொண்டே இருக்கிற ஒரு ஊர் டீம் எப்படிப் பேசிக்கொள்ளும் என்று அந்தப் படத்துக்குத் தெரிந்திருந்தது. அதுவரை கபடி என்றால் நமக்கு ‘கில்லி’தான். அதில் இறுதிப் போட்டியில் சோர்ந்து கிடக்கிற வேலு, தனலட்சுமியைக் கூட்டத்தில் பார்த்ததும் எழுந்து ஜெயிக்கிறான். அதற்கு நேர் எதிராக வெண்ணிலா கபடிக்குழுவின் மாரிமுத்து களத்திலேயே செத்துப்போகிறான். அடுத்த திருவிழாவுக்கு அந்தப் பெண் அவனைத் தேடி வருகிறாள், அவன் இல்லை என்பது அவளுக்குத் தெரியாது. தியேட்டரில் நானும்தான் அழுதேன்.

ஆனால் வெளியே வந்ததும் ஒரு கேள்வி. மாரிமுத்துவுக்கு என்ன ஆச்சு? கதைக்கு அந்தச் சாவு தேவைப்பட்டது, சரி. அவன் விழுந்ததிலிருந்து உயிர் போகிற வரைக்கும் சுற்றி நின்றவர்கள் என்ன செய்திருக்கலாம் என்ற கேள்வி அந்தக் கதைக்குத் தேவைப்படவில்லை. தமிழ் சினிமாவில் விளையாடுகிற உடம்புக்கு ரெண்டே நிலைமைதான்: அடிபட்டு எழுந்து ஜெயிக்கிற உடம்பு, அல்லது செத்துத் தெய்வமாகிற உடம்பு. எங்க ஊரில் தெருவுக்குத் தெரு இருக்கிறது மூணாவது வகை. வாசப்படி இறங்கும்போது கம்பியைப் பிடித்துக்கொள்கிற நாற்பது வயசு முன்னாள் ரைடர். கல் சுமக்கப் போக முடியாமல், தென்னை ஏற முடியாமல், வாட்ச்மேன் வேலை தேடுகிறவன். அவனை வைத்து யாரும் படம் எடுக்க மாட்டார்கள், ஏன்னா அவனுக்கு க்ளைமாக்ஸ் இல்லை.

படத்துக்குப் பதின்மூன்று வருஷம் கழித்து, 2022 ஜூலையில், பண்ருட்டி பக்கம் மானடிக்குப்பத்தில் ஒரு கல்லூரி மாணவர் கபடிக் களத்திலேயே விழுந்து இறந்துபோனார். ரைடு போனவரைப் பிடித்தார்கள். எழ முயன்றவர் அப்படியே சரிந்தார். அந்த வீடியோ எல்லார் போனிலும் சுற்றியது. அதைப் பார்த்து அவர் எதனால் இறந்தார் என்று நான் தீர்ப்புச் சொல்லப்போவதில்லை. வீடியோவைப் பகிர்ந்தவர்கள் ‘கடைசி வரை வீரனாய்’ என்று எழுதியதைத்தான் சொல்ல வந்தேன். மாரிமுத்துவின் க்ளைமாக்ஸ் நிஜ மரணத்துக்குத் தலைப்பு எழுதிக் கொடுத்துவிட்டது.

2021 ஜூன் 12. கோபன்ஹேகனில் யூரோ கால்பந்து. டென்மார்க்கின் கிறிஸ்டியன் எரிக்சன், பக்கத்தில் யாருமே இல்லாமல், ஓடும்போதே விழுந்தார். இதயம் நின்றுவிட்டது. கேப்டன் சைமன் கியாய்ர் உடனே அவரிடம் ஓடினார். மருத்துவக் குழு நெஞ்சை அழுத்த ஆரம்பித்தது. மைதானத்திலேயே மின்னதிர்வுக் கருவி இருந்தது. எரிக்சன் பிழைத்தார், எட்டு மாசத்தில் திரும்பி வந்து ஆடினார். அங்கே நடந்தது பூராவும் முதலுதவிதான். முதலுதவி ‘மட்டும்’தான்.

நெஞ்சில் ஒரு குறிப்பிட்ட நொடியில், ஒரு குறிப்பிட்ட இடத்தில் அடி விழுந்தால், நல்லாயிருக்கிற இதயம்கூடத் தாளம் தப்பி நடுங்க ஆரம்பித்துவிடும். மின்னதிர்வு கிடைக்காத ஒவ்வொரு நிமிஷத்துக்கும் பிழைக்கிற வாய்ப்பு நூற்றில் ஏழு முதல் பத்து வரைக்கும் குறைகிறது. சேத்தூர் தாண்டி ஆம்புலன்ஸ் வந்து சேர எத்தனை நிமிஷம் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். அந்த இடைவெளியில் செய்ய முடிந்தது ஒன்றுதான். கூப்பிட்டால் பதில் இல்லை, மூச்சு இல்லை, அல்லது மீன் மாதிரி வாயைத் திறந்து திறந்து இழுக்கிறான் (இதை மூச்சு என்று நினைத்து ஏமாந்துவிடுவார்கள்) என்றால், ஒருத்தர் 108க்குப் போன் போட, இன்னொருத்தர் நெஞ்சு நடுவில் ரெண்டு கையையும் வைத்து, ஐந்து சென்டிமீட்டர் ஆழம், நிமிஷத்துக்கு 100லிருந்து 120 தடவை, நிறுத்தாமல் அழுத்த வேண்டும். களத்தில் நாம் செய்வது என்ன? முகத்தில் தண்ணி, துண்டால் விசிறல், மயக்கத்தில் இருக்கிறவன் வாயில் சோடா. வலிப்பு மாதிரி உதறினால் கையில் சாவிக்கொத்து.

நடக்க முடிகிறதே, ஒண்ணுமில்லை என்கிற நம்பிக்கையும் ஆளைக் கொன்றிருக்கிறது. 1998 பிப்ரவரியில் டாக்காவில் ஒரு கிளப் ஆட்டம். இந்தியாவுக்காக ஆடிய ராமன் லம்பா, ஹெல்மெட் போடாமல் ஷார்ட் லெக்கில் நின்றார். பந்து நெற்றிப் பக்கம் பட்டது. அவரே எழுந்து நடந்து டிரெஸ்ஸிங் ரூமுக்குப் போனார். மூளைக்குள் ரத்தக்கசிவு, மூன்றாம் நாள் இறந்துபோனார். தலையில் அடிபட்டவன் அன்றைக்குத் திரும்ப ஆடக்கூடாது, ராத்திரி தனியாய் விடக்கூடாது. எங்க களத்தில் தலையோடு தலை மோதினால் இப்பவும் கேட்கிற கேள்வி, “ஸ்கோர் என்ன சொல்லு பாப்போம்?” சரியாய்ச் சொல்லிவிட்டால் உள்ளே போகலாம்.

இதைப் பற்றிப் படிக்க உட்கார்ந்தால் தமிழில் கிடைப்பதில் பெரும்பகுதி ‘ரைஸ்’ என்கிற நாலெழுத்துச் சூத்திரத்தின் மொழிபெயர்ப்பு. ஓய்வு, பனிக்கட்டி, அழுத்தம், உயர்த்துதல். ஆங்கிலத்தில் நாலு முதலெழுத்தும் சேர்ந்து அரிசி என்று வரும், அதனால் மறக்காது. தமிழில் சேர்த்தால் ஓபஅஉ. யாருக்கு ஞாபகம் இருக்கும்? மனதில் நிற்கட்டும் என்று உண்டாக்கின ஒன்றை, நிற்கவே முடியாதபடி மொழிபெயர்த்து, அதையே ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் எழுதிக்கொண்டிருக்கிறோம். இதில் இன்னொரு வேடிக்கை: 1978இல் அந்தச் சூத்திரத்தைச் சொன்ன அமெரிக்க டாக்டர் கேப் மிர்கினே, பிற்காலத்தில், ஐஸும் முழு ஓய்வும் ஆறுவதைத் தாமதப்படுத்தலாம் என்று தன் பேச்சை மாற்றிக்கொண்டார். இப்போது பிசியோதெரபி ஆட்கள், முதல் சில நாள் பாதுகாப்பு, கட்டு, உயர்த்தல், அப்புறம் வலி அனுமதிக்கிற அளவு சீக்கிரமே அசைவு என்கிறார்கள். ஐஸ் வலியைக் குறைக்கும், அது போதும் அதற்கு. குச்சி ஐஸ் வண்டியிலிருந்து வாங்கினதாக இருந்தாலும் துணியில் சுற்றிப் பத்துப் பதினைந்து நிமிஷம் வைக்கலாம். நேராய்த் தோலில் வைத்து அழுத்தினால் அதுவே புண்ணாக்கும்.

நான் ஊரில் பையன்களுக்குச் சொல்வது: “நிறுத்து, கட்டு, தூக்கி வை. உருவாதே.” கடைசி வார்த்தைக்குத்தான் சண்டை வரும்.

கட்டுப் போடுகிறவர்களைக் கிண்டல் பண்ணிவிட்டுப் போவது எனக்குப் பிடிக்காது. புத்தூர்க் கட்டு போர்டு இல்லாத ஊர் தமிழ்நாட்டில் உண்டா? ஜனங்கள் முட்டாள்தனமாய் அங்கே போகவில்லை. பக்கத்தில் இருக்கு, காசு கம்மி, வரிசையில் நிற்க வேண்டாம். அதைவிட முக்கியம், அங்கே தொட்டுப் பார்க்கிறார்கள். விலகாத, தோல் கிழியாத முறிவை அசையாமல் கட்டிவைத்தால் எலும்பு தானாய்க் கூடும், யார் கட்டினாலும் கூடும். அந்த வெற்றிகளில்தான் அவர்கள் பேர் நிற்கிறது. பிரச்சினை, எக்ஸ்ரே பார்க்காமல் எல்லாவற்றையும் ஒரே கட்டாய்க் கட்டுவதிலும், வீக்கம் ஏறுகிற முதல் நாளிலேயே இறுக்குவதிலும்தான். உள்ளே அழுத்தம் கூடினால் தசைக்கு ரத்தம் போகாது. சுமார் ஆறு மணி நேரத்தில் தசை சாக ஆரம்பிக்கும். விரல் நீலமாகுது, மரத்துப்போகுது, விரலை நீட்டிவிட்டால் உயிர் போகிற வலி என்றால் ‘கட்டு பிடிக்குது’ என்று அர்த்தமில்லை, உடனே அவிழ்த்து ஆஸ்பத்திரிக்கு ஓடு என்று அர்த்தம். இறுகிய கட்டால் கை சுருங்கிப் பறவைக்கால் மாதிரி ஆவதை ஜெர்மன் டாக்டர் ஃபோல்க்மன் 1881லேயே எழுதிவைத்துவிட்டார்.

கட்டு என்றதும் எனக்கு ஒரு எரிச்சல் வரும். ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் சத்திரப்பட்டி, சமுசிகாபுரம் பக்கம் போனால் விசைத்தறிச் சத்தம் ஓயாது. அங்கே நெய்கிறது சேலையோ வேட்டியோ இல்லை, மருத்துவத் துணி. காயத்துக்குப் போடுகிற காஸ், ரோலர் பேண்டேஜ். நாடு முழுக்க ஆஸ்பத்திரிகளுக்கும் வெளிநாட்டுக்கும் போகிறது. அங்கே ஷிப்ட் முடித்துவிட்டு வந்து எங்க களத்தில் ரைடு போகிற பையன்களே இருக்கிறார்கள். உலகத்துக்குக் கட்டுத்துணி நெய்கிறவன் கணுக்கால் பிசகி உட்கார்ந்தால், கட்ட ஒரு முழத் துணி கிடையாது. ஸ்பிரே அடிக்கிறார்கள்.

இந்த வருஷம் நான் ஒரு பை எடுத்துக்கொண்டு போனேன். ஆறு க்ரேப் பேண்டேஜ், ரெண்டு முக்கோணத் துணி, தப்பைக்குக் கெட்டி அட்டை, மீன் வண்டி அண்ணாச்சியிடம் வாங்கின தெர்மாகோல் பெட்டியில் ஐஸ். மொத்தமே ஆயிரத்துச் சொச்சம். காலிறுதியில் ஒரு பையனைக் கணுக்காலில் பிடித்து இழுத்தார்கள், பாதம் உள்பக்கமாய் மடங்கிவிட்டது. ஸ்பிரேயோடு ஓடிவந்தவனைக் கொஞ்சம் நில்லுப்பா என்றேன். கனடாவில் 1992இல் வகுத்த ஒரு எளிய சோதனை இருக்கிறது: கணுக்காலின் ரெண்டு பக்கக் குமிழ் எலும்பின் பின் ஓரம், உள்பாதத்து எலும்பு, வெளிப்பாதத்தின் நடுவில் துருத்திக்கொண்டிருக்கிற எலும்பு, இதையெல்லாம் அழுத்தினால் வலிக்கிறதா, நாலு அடி நடக்க முடிகிறதா. வலித்தாலோ, நாலு அடி வைக்க முடியாவிட்டாலோ எக்ஸ்ரே. இவன் ரெண்டாவது அடியிலேயே உட்கார்ந்துவிட்டான். வெளிப்பாதத்தில் விரல் வைத்ததும் அலறினான்.

அவனுடைய கேப்டன், “அண்ணே, இன்னும் மூணு நிமிஷம்தான்ணே, அவன்தான்ணே எங்க மெயின் ரைடர்” என்று கெஞ்சினான். கோபம் வரவில்லை. 2007இல் நானும் கெஞ்சியிருப்பேன். கட்டிப் போட்டு, காலைத் தூக்கி வைத்து, ஆட்டோவில் ஏற்றி அனுப்பினோம். அவர்கள் டீம் தோற்றது. அந்த ஊர்க்காரர் ரெண்டு பேர் என்னிடம் அப்புறம் பேசவே இல்லை. ராத்திரி பதினொரு மணிக்குப் படம் வந்தது: ஐந்தாவது பாத எலும்பின் அடியில் விரிசல், விலகல் இல்லை, ஆறு வாரம்.

மறுநாள் பந்தல் பிரிக்கும்போது கமிட்டி அண்ணன் ஒருத்தர் வந்தார். “நல்லாத்தான் செஞ்ச தம்பி. அடுத்த வருஷ நோட்டீஸில உன் பேரையும் போட்ருவோம். முதலுதவி உபயம்னு.” பேர் வேண்டாம்ணே, கீழே அந்த வரியில் ‘மட்டும்’ என்று ஒரு வார்த்தை இருக்கு, அதை எடுத்துருங்க என்றேன். எது என்று கேட்டார். கிழிந்து தொங்கிக்கொண்டிருந்த நோட்டீஸில் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, கிட்டப் போய்ப் படித்துவிட்டு, “இதெல்லாம் பிரிண்டுக்காரனே போடுறதுப்பா, நாங்க எழுதிக் கொடுக்கலியே” என்றார்.